நாச்சிமுத்து மற்றும் பிறர்

அவர் எதையுமே தான் சொன்னதாகச் சொல்லமாட்டார். "இன்னைக்கு மழை வருமுங்க" என்பார். நாம் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதற்குள், "நான் சொல்லலைங்க, கேட்டுல வாட்ச்மேன் சொன்னாருங்க" என்று சேர்த்துவிடுவார். கேண்டீனில் தக்காளிச் சட்னி நன்றாக இருக்கிறது என்றால், அதைத் தமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று பூர்வீகம் முழுவதையும் சொல்லி முடிப்பார். அதற்குள் சட்னி தீர்ந்திருக்கும்.

கோயமுத்தூரில், காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு கல்லூரியில் அவர் பொருளாதாரத் துறை இணைப் பேராசிரியர். நான் அங்கே உதவி நூலகர். எனக்கு அவர் மேடம். அவருக்கு நான் லைப்ரரி தம்பி. என் பெயர் அங்கமுத்து என்பது அவருக்குத் தெரியும். வம்பில் மாட்டிவிடும் நாட்களில் மட்டும் அதைப் பயன்படுத்துவார்.

தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் துண்டுச்சீட்டுகள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்துக்கடை ரசீது, கல்யாணப் பத்திரிகையின் ஓரம் என்று கிடைத்ததிலெல்லாம் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்திருப்பார். ஒருமுறை டவுன்ஹால் பக்கம் ஒருவழிப் பாதையில் ஸ்கூட்டரில் எதிரே வந்து போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டார். ஏன் இப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்க, மேடம் திரும்பி, வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரரை நோக்கிக் கை நீட்டினார். "இந்த வழியா போலாமுன்னு அந்த அண்ணன்தானுங்க சொன்னாரு." பழக்காரர் வண்டியை உருட்டிக்கொண்டு அக்கட்டால் நகரப் பார்த்தார். அபராதத்தைக் கட்டிவிட்டு மேடம் அவரிடம் போய், "கோவத்துல சொல்லலைங்கண்ணா. கேட்டாங்க, பேரைச் சொன்னனுங்க" என்று சமாதானம் சொல்லி, ஒரு டஜன் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பழத்தை எனக்குக் கொடுத்துத்தான் இந்தக் கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். என் முறை வரும் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதமே வந்தது. பிரின்சிபால் தலைக்குப் புதிதாக ஒரு சாயம் அடித்திருந்தார். கத்திரிக்காய் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நூலகத்தில் நான் மேடத்தின் காதில் மட்டும் சொன்னேன். ஆசிரியர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், மேடம் எழுந்து பிரின்சிபாலிடம் சொன்னார்: "சாரோட இந்தக் கலரு எனக்கு நெம்பப் புடிச்சிருக்குதுங்க. கத்திரிக்காயாட்டம் இருக்குதுன்னு சொன்னது அங்கமுத்து தம்பிதானுங்க. அதுல எனக்குப் பங்கு இல்லைங்க." அந்த வருஷம் நூலகத்துக்குக் கேட்டிருந்த நான்கு அலமாரிகளும் வரவில்லை.

அவரிடம் யாரும் ரகசியம் சொல்லமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. சொன்னதை மாற்றாமல், கூட்டாமல், நம் பெயரோடு சொல்கிறவரிடம் பேசுவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போய் விழுந்தேன்.

இனி நாச்சிமுத்து. ஆனைமலைப் பக்கம் நீரோட்டம் பார்க்கிறவர் அவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். தேங்காய் எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே போர்வெல் போடலாம். அதற்குப் பாயிண்ட் வைப்பது என்று பெயர். மேடம் அப்போது போர்வெல்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை போர் போட்டார்கள், எத்தனையில் தண்ணீர் வரவில்லை என்பது அவருக்குத் தெரியவேண்டும். கேட்கப் போனால் மோர் கொடுப்பார்கள், இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்பார்கள். தண்ணீர் வராத போரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆயிரம் அடி போட்டு வெறும் புழுதி பறந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன மதிப்பு? ராவோடு ராவாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, காலையில் ஒன்றும் நடக்காததுபோலப் பல் விளக்குவார்கள்.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு எல்லாம் தெரியும். பாயிண்ட் வைத்தவரே அவர்தானே. மேடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாராம்: "நான் வெச்சதுல பாதிக்குப் பாதி புழுதிதானுங்க அம்மணி. வாங்க, எடத்தையே காட்டறேன்." மூன்று கோடை அவர் பின்னாலேயே மேடம் குடையோடு நடந்தார். அப்படி நடந்து கண்டுபிடித்ததுதான் அந்தக் கட்டுரை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் தோல்வியை மறைப்பதால், இவர் வேலிக்கு இந்தப் பக்கம் அதே வறண்ட பாறையைத் துளைக்கிறார். இவரும் மறைப்பதால் அடுத்தவர் துளைக்கிறார். தண்ணீர் இல்லாத இடத்தைவிட, அதைச் சொல்லாத வாய்தான் அதிக நஷ்டம் என்பது அதன் சாரம்.

கட்டுரையில் நாச்சிமுத்துவை மேடம் இணை ஆசிரியராகப் போட்டார். நன்றி என்று கடைசியில் ஒரு வரி போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். "நடந்தது அவரு காலு. சொன்னது அவரு வாயி. நான் குடை புடிச்சேனுங்க தம்பி" என்றார்.

இதில் ஒரு சிக்கல். பொருளாதாரக் கட்டுரைகளில் ஆசிரியர்களின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசைப்படிதான் போடுவார்கள். மேடத்தின் பெயர் அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கம். நாச்சிமுத்து முன்னால் வந்துவிட்டார். வெளிநாட்டில் யாரோ அந்தக் கட்டுரையை எடுத்தாண்டபோது, ஆசிரியர்கள் இரண்டே பேர் என்பதைக் கவனிக்காமல் முதல் பெயரை மட்டும் போட்டு, 'நாச்சிமுத்து மற்றும் பிறர்' என்று எழுதினார்கள். பார்த்து இன்னும் சிலர் அப்படியே எழுதினார்கள். மேடம் 'பிறர்' ஆகிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் நூலக முகவரியைக் கொடுத்திருந்தோம். 'மதிப்பிற்குரிய டாக்டர் நாச்சிமுத்து அவர்களே, எங்கள் மாநாட்டில் தலைமையுரை ஆற்ற வேண்டுகிறோம்' என்று எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்றை அவருக்கு போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தன தூரத்துல இருந்து கூப்புடறாங்கன்னா, அங்க தண்ணிக்கு நெம்பக் கஷ்டம் போலீங்க" என்றார்.

இப்படிப் பெயரைத் தானம் செய்கிறவருக்கு ஆசையே இல்லை என்று எண்ணவேண்டாம். மேடத்துக்கு ஒரு ஆசை இருந்தது, அதை ஒளிக்கவும் மாட்டார். கவுன்சில் ஹாலில் பேராசிரியர்களுக்கு மட்டும் கைவைத்த குஷன் நாற்காலி. இணைப் பேராசிரியர்களுக்கு பிளாஸ்டிக். மேடத்துக்கு முதுகுவலி. அவரிடம் படித்தவர் ஒருவரே பேராசிரியராகி குஷனில் சாய்ந்திருக்க, இவர் பின்வரிசையில், துண்டை மடித்து முதுகுக்குக் கொடுத்து, ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். "ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஒரு வருசமாச்சும் அந்த நாற்காலியில உக்காரோணுமுங்க" என்பார். அதற்கு மூலம் யார் என்று அவர் சொல்லாத ஒரே வாக்கியம் அதுதான்.

ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். பாடம் நடத்தியது, படிக்கவைத்தது எல்லாம் அதில் இரண்டே வரி. மிச்சமெல்லாம் அளவுகள். ஆய்வின் செல்வாக்கு எவ்வளவு, எத்தனை பேர் எடுத்தாண்டார்கள், எந்தெந்த நிறுவனத்தோடு கூட்டு ஆய்வு. அதைக் கணக்கெடுப்பது நூலகத்தின் வேலை, அதாவது என் வேலை. இணையத்தில் தேடினால் மேடம் மூன்று பேராக உடைந்து கிடந்தார். அப்பாவின் இனிஷியலோடு ஒருவர், கணவரின் இனிஷியலோடு ஒருவர், இரண்டும் இல்லாமல் ஒருவர். மூவரையும் பிடித்து ஒன்றாக்க ஒரு வாரம் ஆயிற்று. கூட்டு ஆய்வுக்குப் படம் ஒன்று போடவேண்டும், யாரோடு யார் எழுதினார்கள் என்று புள்ளியும் கோடுமாக. மற்றவர்கள் படத்தில் கோடுகள் கடல் தாண்டிப் போயின. மேடத்தின் படத்தில் ஒரே ஒரு தடித்த கோடு ஆனைமலைக்குப் போய் நின்றது.

அந்தக் கட்டுரையால் நடந்த ஒரு காரியத்தை எழுத விண்ணப்பத்தில் இடமே இல்லை. மேடமும் நாச்சிமுத்துவும் பேசிப் பேசி, சில தோட்டங்களில் தண்ணீர் வராத போரை மூடி, மேலே ஒரு கல் நட்டு வெள்ளையடிக்கச் செய்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்த்து, அந்த வரிசையில் துளைக்காமல் இருக்கட்டும் என்று. போடாத போரை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நான் மூன்று முறை படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் மேடம் களப்பணிக்காக உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பினார். "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறனுங்க. மத்தது நீங்க பாத்து ஏத்திருங்க தம்பி" என்று கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது அட்டவணையில், இணை ஆய்வாளரின் பதவி, நிறுவனம் என்ற இடத்தில் அவர் கையால் எழுதியிருந்தது: 'நாச்சிமுத்து, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர், ஆனைமலை.'

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். குஷன் நாற்காலி போய்விடும். அவருக்கு அது கிடைக்கவேண்டும் என்று நான் அவரைவிட அதிகமாக விரும்பினேன், உண்மையாகவே. கணினியில் ஏற்றும்போது அந்த வரியை விட்டுவிட்டு, 'இயக்குநர், நிலத்தடி நீராய்வு மையம், ஆனைமலை' என்று தட்டினேன். பார்க்க எவ்வளவு அம்சமாக இருந்தது! மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா?

நேர்காணல் நாளன்று குழுவுக்குத் தேநீர் கொடுத்தோம். தலைவர் வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர். இன்னொரு உறுப்பினர் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர், அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. "ஒரே பாயிண்ட்டுங்க. போட்ட ஒடனே தண்ணி பொங்கிருச்சு. எல்லாம் கைராசிங்க" என்று பிரின்சிபாலிடம் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் புரொஜக்டரைப் பார்த்துக்கொள்ள ஹாலின் மூலையில் நின்றேன். மேடம் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உடுமலைப்பேட்டைக்காரரே ஆரம்பித்தார். "ஏனுங்க மேடம், ஆனைமலையில நிலத்தடி நீராய்வு மையமுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? நான் அந்தப் பக்கந்தான். கேள்விப்பட்டதே இல்லீங்களே."

மேடம் புரியாமல் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் தலைவர், "டைரக்டர்கிட்டயே பேசிடலாமே" என்றார். நாச்சிமுத்துவின் எண் படிவத்திலேயே இருந்தது. என் கையாலேயே வீடியோ அழைப்பைப் போட்டு, திரையில் விழச் செய்தேன். கேமராவைக் குழுவின் பக்கம் திருப்பி வைத்தேன். காலையிலேயே நான் நாச்சிமுத்துவிடம், யாராவது கேட்டால் டைரக்டர் என்று சொல்லுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அவரும் சரியென்றிருந்தார்.

திரையில் ஒரு தோட்டம் தெரிந்தது. நடுவில் நாச்சிமுத்து, தலையில் துண்டு, கையில் தேங்காய்.

"உங்க மையத்துல எத்தனை பேர் வேலை செய்யறாங்க?" என்றார் தலைவர்.

"நானும் ஒரு தேங்காயுமுங்க" என்றார் டைரக்டர்.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் மூன்றாவது அட்டவணையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எனக்கு அந்த நிமிஷமே முடிவு தெரிந்துவிட்டது.

"இந்த வரி நான் எழுதினதில்லைங்க" என்றார். "அங்கமுத்து தம்பி எழுதினதுங்க. அந்த மூலையில புரொஜக்டர்கிட்ட நிக்கறாருங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. பிரின்சிபாலின் கண்களில் பழைய கத்திரிக்காய் ஒருமுறை மின்னி மறைந்தது.

"ஆனா கையெழுத்து என்னுதுங்க, படிக்காமப் போட்டது என் தப்புங்க" என்று மேடம் தொடர்ந்தார். "தம்பி எதுக்கு இப்படிச் செஞ்சாருன்னா, தேங்காய் வெச்சுப் பாக்கறவரு கூட எழுதினாருன்னா எனக்கு மதிப்புக் கொறையுமுன்னு பயந்துட்டாருங்க. தோட்டத்துக்காரங்களும் இதே பயத்துலதானுங்க புழுதி பறந்ததை மறைக்கறாங்க. எங்க கட்டுரையே இதுதானுங்க."

தலைவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தேங்காய் உண்மையிலேயே தண்ணீரைக் காட்டுமா?"

"காட்டாதுங்க. நான் சொல்லலைங்க, அவரே சொல்லுவாருங்க."

திரையில் நாச்சிமுத்து தலையாட்டினார். "காட்டறப்ப காட்டுமுங்க, காட்டாதப்ப காட்டாதுங்க. இருந்தாலும் வெச்சுப் பாக்காமப் போர் போட மனசு வராதுங்களே" என்றவர், திடீரென்று போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "ஏனுங்க, அந்தக் கடைசியில உக்காந்திருக்கறது உடுமலைப்பேட்டை ஐயாதானுங்களே? கும்புடறேனுங்க! உங்க தென்னந்தோப்புல மூணு பாயிண்ட் வெச்சுக் குடுத்தனே, மூணும் போயிருச்சே. நாலாவதுலயாச்சும் தண்ணி வந்துச்சுங்களா?"

ஒரே பாயிண்ட்காரர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். அது காலியாக இருந்தது. காலிக் கோப்பையை அவர் நிதானமாகக் குடித்தார். தலைவர் அவரையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் ஏதோ நீளமாக எழுதினார். ஒரு ஆய்வின் உண்மை எதிரே உட்கார்ந்து காலிக் கோப்பை குடிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்றாலும் விதி விதிதான். விண்ணப்பத்தில் தவறான தகவல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை கேட்பதற்குள் மேடம் ஓய்வு பெற்றுவிடுவார். எனக்கு மெமோ வந்தது. அது உறைக்கவில்லை. அவர் அறைக்குப் போய் நின்றபோதுதான் உறைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில், மடித்த துண்டில் சாய்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மன்னிச்சுக்குங்க மேடம் என்றேன்.

"நாற்காலி வேணுமுன்னுதானுங்க இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்யுங்க" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "உங்க பேரைச் சொன்னது கோவத்துல இல்லைங்க தம்பி" என்றார். பையைத் துழாவி ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

வழியனுப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் என்று அவரை மேடையில் குஷன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு நெளிந்தார். மைக்கைப் பிடித்ததும் முதல் வார்த்தை, "இது சுகமா இருக்குமுன்னு பிரின்சிபால் சார்தானுங்க சொன்னாரு. உள்ள குழியாப் போகுதுங்க" என்பதுதான். ஆசிரியர்கள் கைதட்டியதில் என் கைதான் கடைசியாக ஓய்ந்தது.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து ஒருநாள் போன் செய்தார். உடுமலைப்பேட்டை ஐயா தோப்பில் மூன்று கல் நட்டு வெள்ளையடித்தாகிவிட்டது, ஐயாவே கூப்பிட்டுச் செய்யச் சொன்னார் என்றார். நான் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, யார் சொன்னது என்று பெயரும் போட்டு, மேடத்தின் போத்தனூர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

பதிலாக ஒரு கூரியர் வந்தது. புதிய கட்டுரை ஒன்றாம், கூடவே ஏதோ ஒப்புதல் படிவம். மேலே ஒரு சீட்டு: 'கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் தம்பி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.' புள்ளிவிவரம் தேடிக் கொடுத்ததற்காக இருக்கும் என்று நினைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்திட்டு அன்றைக்கே அனுப்பினேன். முந்தைய பக்கங்களைப் பார்க்கவில்லை. எனக்கு எப்போதுமே அவசரம்.

சில மாதம் கழித்து அந்த ஆய்விதழ் நூலகத்துக்கு வந்தது. பிரித்தவர் எங்கள் பிரின்சிபால். தோல்வியை மனிதர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதைப் பற்றிய கட்டுரை. அதன் நான்காம் பகுதி, ஒரு கல்லூரியின் உதவி நூலகர் விண்ணப்பப் படிவத்தில் இல்லாத ஒரு மையத்தை எப்படி உண்டாக்கினார் என்று வரி வரியாக விவரித்தது. நான் சொன்னது, தட்டியது, மூலையில் நின்றது, ஒன்றும் விடவில்லை. ஒரு சொல் கூட்டவும் இல்லை. ஆசிரியர்கள் மூன்று பேர். அங்கமுத்து, நாச்சிமுத்து, கடைசியில் மேடம்.

மேடத்தின் கட்டுரைகளிலேயே அதிகம் பேர் எடுத்தாள்வது இன்று அதுதான். எங்கெங்கோ முகம் தெரியாதவர்கள், மனிதர்கள் கூச்சத்தால் பொய் சொல்வதை 'அங்கமுத்து மற்றும் பிறர்' நிறுவியிருக்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். மதிப்பிற்குரிய டாக்டர் அங்கமுத்து அவர்களே என்று மாநாட்டு அழைப்புகள் வருகின்றன. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இணையத்தில் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்கள்.

இதழ் வந்த அன்றே மேடத்துக்கு போன் போட்டேன். "என்னங்க மேடம், என் பொய்யை எழுதினதுமில்லாம, என் பேரையே மொதல்ல போட்டு உட்டுட்டீங்களே!"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"நான் போடலைங்க தம்பி. ஏபிசிடிதானுங்க போட்டுச்சு."